வாசகர் கேள்வி பதில்: ஃப்ளைட்ல எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

போன இதழ்ல நீண்ட தூர விமானப் பயணம் பத்தி ரெண்டே வரி தான் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்களே இந்தப் பக்கம் முழுசையும் பிடிச்சுக்கிச்சு. வேற விஷயம் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க, இதை அரைகுறையா விட எனக்கு மனசு வரலை.

கேள்வி: சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க் பக்கத்துல இருக்கிற நெவார்க் ஏர்போர்ட்டுக்கு நேரடி ஃப்ளைட்ல போகணும். தூரம் காட்டுற ஒரு சைட்ல 15,340 கி.மீ.ன்னு போட்டிருக்கு. ஏர்லைன் கொடுத்த பழைய செய்தில 16,700 கி.மீ.ன்னு இருக்கு. மணிக்கு 900ன்னு வகுத்துப் பார்த்தா 17 மணி நேரம் வருது, ஆனா டிக்கெட்ல கிட்டத்தட்ட 19 மணி நேரம். இதுல எதை நம்புறது?

பதில்: மூணுமே சரி தான், ஆனா மூணும் வேற வேற விஷயத்தைச் சொல்லுது, அதை யாரும் பக்கத்துல எழுதி வைக்காததால தான் இந்தக் குழப்பம்.

முதல்ல அந்த 15,340. இது உருண்டை மேல ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தா வர்ற தூரம், அதாவது ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிற ஆகக் குறைஞ்ச தூரம். இந்த ரூட்ல ஒரு அழகு இருக்கு, கால்குலேட்டர் இருந்தா நீங்களே போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்குல இருக்கு, நெவார்க் 74 டிகிரி மேற்குல இருக்கு, கூட்டினா 178. 180 வந்தா ஒண்ணுக்கு நேர் பின்னாடி இன்னொண்ணுன்னு அர்த்தம். அப்போ குறுக்கு வழி எது? நேரா மேல ஏறி வட துருவத்து பக்கமா போய் அந்தப் பக்கம் இறங்குறது தான். சிங்கப்பூர் 1.4 டிகிரி வடக்குல இருக்கு, அங்கிருந்து துருவம் 88.6 டிகிரி. நெவார்க் 40.7 டிகிரி வடக்கு, துருவத்துல இருந்து அதுக்கு 49.3 டிகிரி. மொத்தம் 137.9. ஒரு டிகிரிக்கு 60 நாட்டிக்கல் மைல், ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ., பெருக்கிப் பாருங்க, 15,320 சொச்சம் வரும். சைட்ல சொல்றதுக்கும் இதுக்கும் 20 கி.மீ. தான் வித்தியாசம், அதுவும் நாம டிகிரியை தோராயமா எடுத்ததாலயும் பூமி துருவத்துல லேசா அமுங்கி இருக்கிறதாலயும் வந்தது.

சில பேர் கேப்பாங்க, ஃப்ளைட் 11 கி.மீ. உயரத்துல பறக்குதே, அப்போ தூரம் கூடாதான்னு. கூடும், ஆனா 15,000 கி.மீ.க்கு 26 கி.மீ. தான் கூடும், மறந்துடலாம்.

இப்போ 16,700. அந்த ரூட்டை 2018 அக்டோபர்ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திரும்ப ஆரம்பிச்சப்போ அவங்க சொன்ன கணக்கு இது, கிட்டத்தட்ட 9,000 நாட்டிக்கல் மைல், 18 மணி 45 நிமிஷம். நூல் பிடிச்ச தூரத்தை விட 1,300 கி.மீ.க்கு மேல ஏன் கூடுதலா பறக்கணும்? காத்துக்காக தான். போகும்போது நிறைய நாள் பசிபிக் மேல கிழக்கு நோக்கிப் போவாங்க, அங்க மேற்குல இருந்து கிழக்கே வீசுற பலமான காத்து பின்னாடி இருந்து தள்ளும். திரும்பி வரும்போதும் காத்து சாதகமா இருக்கிற நாள்ல அட்லாண்டிக், ஐரோப்பான்னு மறுபடியும் கிழக்கு நோக்கியே வந்துடுவாங்க. போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு, அப்போ போயிட்டு வந்தவங்க பூமியையே ஒரு சுத்து சுத்திட்டு வந்திருப்பாங்க! இதை முதல் தடவை புரிஞ்சுக்கிட்டப்போ எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை, அவ்வளவு சந்தோஷம்.

மூணாவது, நேரம். 16,700ஐ 900ஆல வகுத்தா 18 மணி 33 நிமிஷம். அதுக்கு மேல ரன்வே வரைக்கும் உருண்டு போறது, மெதுவா ஏறுறது, இறங்குறதுக்கு வரிசைல நிக்கிறது, இறங்கினதும் கேட் வரைக்கும் வர்றது. டிக்கெட்ல இருக்கிறது கேட்ல இருந்து வண்டி நகர்ற நிமிஷத்துல இருந்து அந்தப் பக்கம் கேட்ல போய் நிக்கிற வரைக்கும், இதை பிளாக் டைம்னு சொல்வாங்க. காத்துல இருக்கிற நேரம் இதை விடக் குறைவு. வீட்டுல தோராயமா கணக்கு போடணும்னா நூல் தூரத்தை 850ஆல வகுத்து அரை மணி நேரம் கூட்டிக்கோங்க, பல ரூட்டுக்குப் பக்கத்துல வந்துடும்.

இன்னொரு விஷயம் சொல்லாம இருக்க முடியலை. இந்த ரூட்ல பறக்கிற, ரொம்ப நீண்ட தூரத்துக்குன்னே செஞ்ச ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானத்துல 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், எடை போட்டா 130 டன் பக்கம். கிளம்பும்போது விமானம், ஆளு, சாமான், எண்ணெய் எல்லாம் சேர்ந்து இருக்கக்கூடிய எடையே 280 டன் தான். டேங்க் நிரம்பினா கிட்டத்தட்ட பாதி எடை எண்ணெய். அதனால தான் 300 பேருக்கு மேல உக்கார வேண்டிய உடம்புல 161 சீட் மட்டும் போட்டிருக்காங்க. 2004லயே நாலு இன்ஜின் ஏ340-500 வச்சு இதே ரூட் ஓடுச்சு, எண்ணெய் செலவு கட்டுப்படியாகாம 2013ல நிறுத்திட்டாங்க. ரெண்டே இன்ஜின்ல அதே தூரம் போற விமானம் வந்த அப்புறம் தான் திரும்ப உயிர் வந்துச்சு.

கேள்வி: சீட் முன்னாடி ஸ்க்ரீன்ல வர்ற மேப்ல ஃப்ளைட் போற பாதை வில்லு மாதிரி வளைஞ்சு இருக்கே, நேரா போனா சீக்கிரம் போயிடலாமே?

பதில்: அது தாங்க நேரான பாதை. வளைஞ்சிருக்கிறது மேப்.

உருண்டையா இருக்கிறதை தட்டையா விரிச்சா எங்கயாவது இழுத்து தான் ஆகணும். 1569ல மெர்கேட்டர் போட்ட மேப் முறை தான் இன்னைக்கும் நாம அதிகமா பார்க்கிறது, அதுல வடக்கயும் தெற்கயும் போகப் போக எல்லாம் ஊதிப் பெருசாகும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், நிஜத்துல ஆப்பிரிக்கா அதை விட 14 மடங்கு பெருசு.

நியூயார்க்கையும் பெய்ஜிங்கையும் எடுத்துக்கோங்க. ரெண்டும் 40 டிகிரி வடக்கு, மேப்ல ஒரே கோட்டுல இருக்கும். அந்தக் கோட்டைப் பிடிச்சே போனா 14,300 கி.மீ.க்கு மேல ஆகும். வட துருவத்தை ஒட்டி ஏறி இறங்கினா 11,000 கி.மீ. தான். 3,000 கி.மீ.க்கு மேல மிச்சம்! நம்பிக்கை இல்லைன்னா ஒரு குளோப் எடுத்து ரெண்டு ஊர் மேலயும் நூலை வச்சு இறுக்கிப் பிடிங்க, நூல் தானாவே மேல நழுவிப் போகும். வீட்டுல சின்ன பசங்க இருந்தா அவங்க கையால செய்ய விடுங்க, புத்தகத்துல படிக்கிறதை விட அது மனசுல நிக்கும்.

கேள்வி: லண்டன்ல இருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், அங்கிருந்து லண்டன் வர 7 மணி நேரம் கூட ஆகலை. தூரம் ஒண்ணு தானே? அப்புறம் 2020ல ஒரு ஃப்ளைட் மணிக்கு 1,300 கி.மீ. வேகத்துல வந்துச்சாமே, அது ஒலியை விட வேகம் இல்லையா?

பதில்: தூரம் ஒண்ணு தான், 5,550 கி.மீ. பக்கம். விளையாடுறது ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்ற காத்து.

பூமத்திய ரேகை பக்கம் சூடு, துருவத்து பக்கம் குளிர், இந்த வித்தியாசமும் பூமி சுத்துறதும் சேர்ந்து 9 கி.மீ.ல இருந்து 12 கி.மீ. உயரத்துல மேற்குல இருந்து கிழக்கே ஒரு ஆறு மாதிரி காத்தை ஓட வைக்குது, சரியா நம்ம ஃப்ளைட் பறக்கிற உயரம் அது. சாதாரணமா மணிக்கு 100, 200 கி.மீ., சில நாள்ல 400ஐ கூட தாண்டும். குளிர்காலத்துல சூடு குளிர் வித்தியாசம் அதிகம், அதனால காத்தும் பலமா இருக்கும். இதை முதல்ல அளந்து எழுதினது வசாபுரோ ஓய்ஷின்னு ஒரு ஜப்பானிய வானிலை ஆய்வாளர், 1920கள்ல பலூனைப் பறக்க விட்டு அது போற வேகத்தைக் குறிச்சு வச்சாரு. உலகம் முழுக்கப் படிக்கணும்னு, எல்லா நாட்டுக்காரங்களுக்கும் பொதுவா உருவாக்கின எஸ்பெராண்டோ மொழில எழுதினாரு, பாவம், அதனாலயே ரொம்ப நாள் யாரும் அதைப் படிக்கலை. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை செஞ்ச மனுஷன் பேரு இன்னைக்கும் நிறைய பேருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறப்போ மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அதனால தான் இங்க எழுதி வைக்கிறேன்.

நீங்க சொல்ற ஃப்ளைட் 2020 பிப்ரவரில ஐரோப்பால ஒரு பெரிய புயல் நேரத்துல நியூயார்க்ல இருந்து லண்டன் வந்த போயிங் 747. 4 மணி 56 நிமிஷத்துல வந்துடுச்சு. மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேலன்னு சொன்னது தரையில இருந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியுற வேகம். ஒலி வேகம்னு பேசுறப்போ தன்னைச் சுத்தி இருக்கிற காத்துக்குள்ள அது எவ்வளவு வேகமா போகுதுன்னு தான் பார்க்கணும், காத்தோட கணக்குல அந்த விமானம் வழக்கமான வேகத்துல தான் போச்சு. ஓடுற ஆத்துல படகு போற மாதிரி நினைச்சுக்கோங்க, துடுப்பு போடுற வேகம் அதே தான், ஆறு சேர்ந்து இழுத்துட்டுப் போகுது.

நிறைய பேர் நினைக்கிறது, போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துடலாம், கணக்கு நேராயிடும்னு. ஆகாது. 5,500 கி.மீ. தூரம், விமான வேகம் 900, காத்து 100ன்னு வைங்க. காத்தோட போனா 5 மணி 30 நிமிஷம், எதிர்த்துப் போனா 6 மணி 52 நிமிஷம், மொத்தம் 12 மணி 22 நிமிஷம். காத்தே இல்லைன்னா போக வர 12 மணி 13 நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். எதிர்காத்துல நாம அதிக நேரம் இருக்கோம், அது தான் காரணம்.

காத்து எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய இன்னொண்ணு. ஏர் இந்தியாவோட டெல்லி சான் பிரான்சிஸ்கோ ஃப்ளைட் முதல்ல அட்லாண்டிக் வழியா போயிட்டு இருந்துச்சு, 13,900 கி.மீ. 2016ல பசிபிக் வழியா மாத்தினாங்க, 15,300 கி.மீ. 1,400 கி.மீ. அதிகமா பறந்தும் ரெண்டு மணி நேரம் போல முன்னாடியே போய் சேர்ந்துச்சு. அதனால தான் சொல்றேன், சைட்ல கிலோமீட்டரை மட்டும் பார்த்துட்டு எந்த முடிவும் எடுக்காதீங்க, மணி நேரத்தைப் பாருங்க, அதுலயும் போற நேரம் வர்ற நேரம் ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

கேள்வி: பூமி மேற்குல இருந்து கிழக்கே சுத்துது. அப்போ மேற்கே போற ஃப்ளைட்டுக்கு ஊரே எதிர்ல வருமே, சீக்கிரம் போகணும் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி, சின்ன வயசுல எனக்கும் இது ரொம்ப நாள் இருந்துச்சு. பூமி சுத்தும்போது அது மேல இருக்கிற காத்தும் சேர்ந்தே சுத்துது, அந்தக் காத்துல மிதக்கிற விமானமும் கிளம்புறதுக்கு முன்னாடியே பூமியோட அந்த வேகத்துல போயிட்டு தான் இருக்கு. ஓடுற ரயிலுக்குள்ள நின்னுக்கிட்டு ஒரு பந்தை மேல தூக்கிப் போட்டா அது திரும்ப உங்க கைல தானே விழுது, பின் பெட்டிக்குப் போகலையே. அதே தான். காத்துக்கும் தரைக்கும் இருக்கிற வித்தியாசம் மட்டும் தான் நமக்குக் கணக்கு, அதைத் தான் மேல சொன்னேன்.

கேள்வி: ஆக்லாந்துல சாயங்காலம் கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸ்ல அதே நாள் மத்தியானம் இறங்கினேன்னு ஃப்ரெண்ட் சொல்றான். டிக்கெட்ல நேரத்தைக் கழிச்சா மைனஸ்ல வருது. பயண நேரம் எப்படித் தான் கண்டுபிடிக்கிறது?

பதில்: டிக்கெட்ல கிளம்புற நேரம் கிளம்புற ஊர் மணி, இறங்குற நேரம் இறங்குற ஊர் மணி. நேரடியா கழிக்கவே கூடாது. ரெண்டையும் முதல்ல உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாத்திட்டு அப்புறம் கழிங்க.

ஜூலை மாசம்னு வைங்க. ஆக்லாந்து அப்போ யூடிசியை விட 12 மணி நேரம் முன்னாடி. சாயங்காலம் 7 மணிக்குக் கிளம்பினா யூடிசில காலைல 7 மணி. பயணம் 12 மணி நேரம், இறங்கும்போது யூடிசில சாயங்காலம் 7 மணி. லாஸ் ஏஞ்சல்ஸ் கோடைல 7 மணி நேரம் பின்னாடி, அங்க மத்தியானம் 12 மணி, அதே தேதி. கிளம்புறதுக்கு 7 மணி நேரம் முன்னாடியே வந்துட்ட மாதிரி இருக்கும். நடுவுல பசிபிக் கடல்ல தேதி மாறுற கோட்டை, அதாவது தேதிக் கோட்டைத் தாண்டினது தான் காரணம். திரும்பி வரும்போது அதை வட்டியோட கொடுக்கணும், திங்கட்கிழமை ராத்திரி 10க்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிளம்பினா 13 மணி நேரம் பறந்து புதன்கிழமை காலைல 6க்கு ஆக்லாந்து, செவ்வாய்க்கிழமையே காணாம போயிடும். பொறந்த நாள், கல்யாண நாள் ஏதாவது அந்தத் தேதில இருந்தா முன்னாடியே பார்த்துக்கோங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது சமோவா. அந்த நாடு 2011 டிசம்பர் 30ஆம் தேதியையே காலண்டர்ல இருந்து தூக்கிட்டு தேதிக் கோட்டோட அந்தப் பக்கம் போயிடுச்சு, வியாபாரம் அதிகமா நடக்கிற ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோட நாள் ஒத்துப் போகணும்னு. பக்கத்துல 125 கி.மீ. தள்ளி இருக்கிற அமெரிக்கன் சமோவா மாறலை. ரெண்டுக்கும் நடுவுல சரியா 24 மணி நேர வித்தியாசம். திங்கட்கிழமை காலைல 10க்கு கிளம்பி 40 நிமிஷம் பறந்தா ஞாயித்துக்கிழமை 10.40க்கு இறங்கலாம்.

ஒரு எச்சரிக்கை, கோடைக்கால நேர மாற்றம் இருக்கிற நாடுகள்ல வருஷத்துல ரெண்டு தடவை இந்தக் கணக்கு ஒரு மணி நேரம் நகரும். மார்ச்ல பார்த்து வச்ச வித்தியாசத்தை நவம்பர்ல அப்படியே போடாதீங்க.

கேள்வி: போன தடவை ஃப்ளைட் 40 நிமிஷம் முன்னாடியே இறங்குச்சு. அப்போ டிக்கெட்ல நேரத்தைக் கூட்டிப் போடுறாங்களா? நடுவுல இறங்கி அடுத்த ஃப்ளைட் மாறுற கனெக்ஷனுக்கு எவ்வளவு நேரம் விடணும்?

பதில்: கூட்டித் தான் போடுறாங்க. அந்த ரூட்ல முன்னாடி பறந்த ஃப்ளைட்டுங்க எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு பார்த்து, பெரும்பாலான நாள்ல சரியா வர்ற மாதிரி ஒரு நேரத்தைப் போடுவாங்க, காத்து, வரிசை, ரன்வே நெரிசல் எல்லாத்துக்கும் சேர்த்து. காத்து நல்லா இருந்த நாள்ல முன்னாடியே வந்துடும். முன்னாடி வந்துட்டா மட்டும் போதாது, கேட் காலியா இல்லைன்னா வெளியவே நிக்கணும், அதனால அந்த 40 நிமிஷத்தை நம்பி எந்தத் திட்டமும் போடாதீங்க.

கனெக்ஷன் விஷயத்துல நான் சூடு பட்டவன். பல வருஷம் முன்னாடி ஒரு பெரிய ஏர்போர்ட்ல 55 நிமிஷ கனெக்ஷன், சைட்ல காட்டுச்சு, நம்பிப் போட்டுட்டேன், அதுவும் ரெண்டும் தனித்தனி டிக்கெட். முதல் ஃப்ளைட் லேட்டு கூட இல்ல, சரியான நேரத்துக்குத் தான் இறங்குச்சு. ஆனா டெர்மினலை விட்டுத் தள்ளி நிறுத்துற ரிமோட் பே, பஸ்ல ஏறி டெர்மினல் வரணும், செக்யூரிட்டில மறுபடியும் வரிசை, அடுத்த கேட் இன்னொரு டெர்மினல்ல, ட்ரெய்ன்ல போகணும். ஓடி ஓடிப் போய் நின்னா கதவை மூடிட்டாங்க, விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குது, தொட்டுடலாம் போல இருக்கு. அன்னைக்குத் தான் புரிஞ்சுது, கிளம்புற நேரம்னு போட்டிருக்கிறது வண்டி நகர்ற நேரம், அதுக்கு 15, 20 நிமிஷம் முன்னாடியே கேட் மூடிடும். அப்போ 55ல எனக்கு நிஜமா இருந்தது 35 நிமிஷம். புது டிக்கெட் முழு விலை கொடுத்து வாங்கினேன், ராத்திரி பூரா நாற்காலில தான்.

அதனால சொல்றேன். ஒரே புக்கிங்ல ரெண்டு ஃப்ளைட்டும் இருந்தா, முதல் ஃப்ளைட் லேட்டாகி தவறினா அடுத்ததுல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு, தனித்தனி டிக்கெட்னா யாரும் பொறுப்பில்ல. ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மினிமம் கனெக்டிங் டைம்னு ஒண்ணு உண்டு, அது பழகினவங்க வேகமா நடந்தா போதுற நேரம், குழந்தை, பெரியவங்க, கைல நிறைய சாமான் இருந்தா அது பத்தாது. ஒரே டிக்கெட்னா நான் இப்போ ரெண்டு மணி நேரத்துக்குக் குறைச்சுப் போடுறதில்ல, தனி டிக்கெட்னா அஞ்சு மணி நேரம், பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும்னா அதுக்கும் மேல.

கேள்வி: ஹெல்சிங்கில இருந்து டோக்கியோவுக்கு முன்னாடி ஒன்பதரை மணி நேரத்துல போயிட்டு இருந்தாங்க, இப்போ 13 மணி நேரம்ங்கிறாங்க. ஊர் நகர்ந்துடுச்சா?

பதில்: ஊர் அங்கயே தான் இருக்கு, வானத்துல கதவு மூடிடுச்சு. நூல் பிடிச்சா 7,800 கி.மீ. தான், ஆனா அந்த நூல் முக்கால்வாசி ரஷ்யா மேல போகுது. 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்ச அப்புறம் ஐரோப்பிய விமானங்களுக்கு அந்த வான்வெளி இல்லைன்னு ஆச்சு. பின்லாந்தோட ஃபின்ஏர் ஏர்லைன் அதே வருஷம் மார்ச்ல வட துருவத்து மேல போய் அலாஸ்கா பக்கமா சுத்திப் போக ஆரம்பிச்சாங்க, இல்லைன்னா தெற்குப் பக்கமா சுத்தணும். ஆசியாவுக்குக் குறுக்கு வழின்னு அந்த ஊரோட பூகோளத்தை நம்பியே வளர்ந்த ஒரு ஏர்லைனுக்கு இது எவ்வளவு பெரிய அடின்னு யோசிச்சுப் பாருங்க.

பாதையைத் தீர்மானிக்கிற இன்னொரு விதி இன்ஜின் சம்பந்தப்பட்டது. ரெண்டு இன்ஜின் விமானத்துல ஒண்ணு நின்னுட்டா மீதி ஒண்ணுல எவ்வளவு நேரத்துக்குள்ள ஒரு ஏர்போர்ட்டுக்குப் போயிடணும்னு ஒரு கணக்கு உண்டு, ஈடாப்ஸ்னு சொல்வாங்க. முன்னாடி அது 60 நிமிஷம் தான், 1985ல 120 ஆச்சு, 2014ல ஏ350க்கு 370 நிமிஷம் வரைக்கும் அனுமதி கிடைச்சுது. அதனால தான் இப்போ ரெண்டு இன்ஜின் வச்சே பெரிய பெரிய கடலை நேரா தாண்டுறாங்க. முன்னாடி தீவு தீவா ஒட்டிக்கிட்டே போகணும்.

கேள்வி: இவ்வளவு டெக்னாலஜி வந்தும் 50 வருஷமா அதே 900 கி.மீ. வேகம் தானா?

பதில்: ஆமா, ஏன்னா அந்த உயரத்துக் குளிர்ல ஒலியோட வேகம் மணிக்கு 1,060 கி.மீ. பக்கம். அதை நெருங்க நெருங்க காத்து எதிர்க்கிறது திடீர்னு எகிறும், எண்ணெயும் எகிறும். 85 சதவீதத்துல நிக்கிறது தான் கணக்குக்குக் கட்டுப்படியாகுது. தாண்டிப் போனது கான்கார்ட்ங்கிற பயணிகள் விமானம், ஒலியை விட ரெண்டு மடங்கு, 1996ல நியூயார்க் லண்டன் 2 மணி 53 நிமிஷத்துல வந்துச்சு. 2003ல நிறுத்திட்டாங்க. நூறு பேரை ஏத்திக்கிட்டு அவ்வளவு எண்ணெய் குடிச்சா யாரால ஓட்ட முடியும், அதோட அந்த வெடிச் சத்தத்தால நிலத்து மேல வேகமா பறக்கவும் விடலை.

வேகம் கூடலைன்னாலும் நேரம் குறைஞ்சிருக்கு, நடுவுல நிக்கிறது போனதால. 1947ல சிட்னில இருந்து லண்டன் போக நாலு நாள், ஆறு இடத்துல நின்னு நின்னு. 2019 நவம்பர்ல ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் ஏர்லைன் சோதனைக்காக லண்டன்ல இருந்து சிட்னிக்கு நிக்காம பறந்தது 19 மணி 19 நிமிஷம், 17,000 கி.மீ.க்கு மேல. பூமில எந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல 20,000 கி.மீ.க்கு மேல தூரமே கிடையாது, அதனால இதுக்கு மேல நீட்டுறதுக்கு இன்னும் கொஞ்சம் தான் பாக்கி இருக்கு.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயசு, சுகர் இருக்கு, இன்சுலின் போடுறாங்க. முதல் தடவையா 18 மணி நேர ஃப்ளைட்ல தனியா வர்றாங்க. நேரடி ஃப்ளைட் போடலாமா, நடுவுல நின்னு வர்ற மாதிரி போடலாமா?

பதில்: இந்தக் கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். நடக்க சிரமப்படுறவங்க, மொழி தெரியாத ஏர்போர்ட்ல தனியா கேட் தேட முடியாதவங்கன்னா நேரடி ஃப்ளைட் தான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், தவற விடுறதுக்கு கனெக்ஷனே இல்ல. ஆனா கால்ல ரத்தம் கட்டுற பிரச்சினை முன்னாடி வந்திருந்தா டாக்டர் சொல்றது தான் முடிவு. 4 மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல உக்கார்ந்தாலே கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறையுற வாய்ப்பு கூடும். நடைபாதை ஓரத்து சீட் வாங்கிக் கொடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்க, உக்கார்ந்த இடத்துலயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்க. தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க, பெரியவங்க பாத்ரூம் போகணுமேன்னு குடிக்காமலே இருப்பாங்க, அங்க காத்து ரொம்ப வறண்டு இருக்கும். விமான வகையைத் தேர்ந்தெடுக்க முடிஞ்சா போயிங் 787, ஏர்பஸ் ஏ350 பாருங்க, உள்ள காத்தழுத்தம் 1,800 மீட்டர் மலைல இருக்கிற மாதிரி, பழைய வகைல 2,400 மீட்டர் வரைக்கும் போகும், வயசானவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். வீல்சேர் வேணும்னு டிக்கெட் போடும்போதே சொல்லிடுங்க.

இன்சுலின் கைப்பையில தான் இருக்கணும், கீழ போற பெட்டில வச்சா உறைஞ்சு போயிடலாம், பெட்டியே வராமலும் போகலாம். டோஸ் விஷயத்துல நானோ சொந்தக்காரங்களோ சொல்றதைக் கேட்டு மாத்தாதீங்க. கிழக்கே வந்தா நாள் சுருங்கும், மேற்கே போனா நீளும், ரெண்டுக்கும் டாக்டர் போடுற கணக்கு வேற. கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக யாரையாவது ஏற்பாடு பண்ணுங்க, போகும்போது டிக்கெட்டைப் பிரின்ட் எடுத்து, கிளம்புற மணி, இறங்குற மணி, மொத்தம் எத்தனை மணி நேரம், மூணையும் பேனால வட்டம் போட்டுக் கொடுத்து விடுங்க. எந்த மணிக்கு என்ன ஊசின்னு அதே பேப்பர்லயே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கணும். அம்மா வாட்சை இறங்குற வரைக்கும் மாத்த வேணாம்னு சொல்லுங்க, அந்தப் பேப்பர் அந்த வாட்ச் நேரப்படியே இருக்கட்டும்.